நாலாவது குழாய் நீலம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏதாவது உடைந்தால் நான் செய்கிற முதல் காரியம், சுற்றும் முற்றும் பார்ப்பது. யாரும் இல்லையென்றால் சில்லுகளைப் பழைய நாளிதழில் சுற்றி, சாப்பிட்ட பொட்டலத்தோடு சேர்த்து வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன். பதினோரு வருடத்தில் எத்தனை கண்ணாடிக் குழாய்களை இப்படி அடக்கம் செய்தேன் என்று எனக்கே தெரியாது. என்னோடு வேலை செய்த அந்த அக்கா இதற்கு நேர் எதிர். அவர் கையிலிருந்து ஒன்று விழுந்தால் சத்தம் அடங்குவதற்குள் அவர் குரல் கேட்கும். "என் கைதான்லா! வேற யாரையும் கேக்காதீங்க!" பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அறிவிப்பு.

அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீராத வழக்கு. அடையாள அட்டையைக் காட்டலாமா என்று பேச்சு வந்தால் இருவருமே நழுவிவிடுவோம்.

ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்பு மலையை ஒட்டி நான்கு அறைகள் கொண்ட சின்ன ஆய்வுக்கூடம் அது. மாடு, ஆடுகளின் உயிரணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது. எழுபதுகளின் கடைசியில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலைக்கு அக்கா வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்தவன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது, கொஞ்சம் என்பதும் பொய், நிறையவே இருந்தது. எந்தப் பாட்டிலைக் கழுவக் கொடுத்தாலும் "இது எதுக்குண்ணே?" என்று கேட்பார். நானும் பெரிய விஞ்ஞானி போல விளக்குவேன். நான் சொன்னதெல்லாம் அவர் தலைக்குள் அடுக்கடுக்காகப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அங்கே நாங்கள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஓர் உயிரணுவின் நடுவில் உட்கரு இருக்கும். அதற்குள்ளேதான் டி.என்.ஏ. உட்கருவைச் சுற்றிக் கூழ், கூழைச் சுற்றி மெல்லிய தோல். ஆய்வுக்கூடத்தின் தலைவரான எங்கள் டாக்டர் ஆராய்ந்தது டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தை. அதற்கு வெளித்தோலை மட்டும் உடைக்க வேண்டும், உட்கரு முழுசாக இருக்க வேண்டும். பிறகு சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் உட்கருக்கள் அடியில் படியும், வெளிக்கூழ் மேலே தெளிந்து நிற்கும். உடைப்பதற்குத் தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றும் அதற்குள் சரியாக இறங்குகிற கண்ணாடித் தண்டு ஒன்றும் உண்டு. நாங்கள் அதை உலக்கை என்போம். ஐஸில் வைத்துப் பொறுமையாக மேலும் கீழும் குத்த வேண்டும். ஒரு குத்து அழுத்திவிட்டால் உட்கருவும் சேர்ந்து வெடித்துவிடும்.

குத்துகிற வேலை முதலில் என்னுடையதாக இருந்தது. ஒரு நாள் கழுவின கூடையோடு பின்னால் வந்து நின்ற அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "அண்ணே, நீங்க மொளகா இடிக்கிறீங்க."

"அப்ப நீங்க செய்ங்களேன்," என்றேன் கடுப்பில்.

செய்தார். பதினெட்டுக் குத்து, ஒரே வேகம். நுண்ணோக்கியில் பார்த்தேன். உட்கருக்கள் உருண்டை உருண்டையாக, ஒன்றுகூடக் கிழியாமல் கிடந்தன. எப்படி என்று கேட்டதற்கு அவர் வலது கையைத் திருப்பிக் காட்டினார். "மரத்துல பட்டைய மட்டும்தான் சீவணும். உளி உள்ள போய்க் கட்டையில பட்டுச்சுன்னா மரத்துக்குக் காயம். அந்த எடம் கிட்ட வந்தா கைக்குத் தெரியும்லா. இதும் அதே மாதிரிதான் இருக்கு."

அடுத்த வாரம் டாக்டர் உலக்கையை அவரிடம் கொடுத்துவிட்டு என்னை எடை போடும் மேசைக்கு அனுப்பினார். இரண்டு மாதம் நான் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் தினமும் என் மேசையில் ஒரு வாழைப்பழ வறுவல் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். வறுவல் நன்றாக இருந்தது. எவ்வளவு நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது?

அவருடைய இந்த "என் கைதான்" வியாதி ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. புந்தோங்கில் ஒரு கல்யாணம். சமையலுக்கு அக்காவும் ஒத்தாசை. பந்தியில் பெரியவர் ஒருவர் சாம்பார் அருமை என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் பாராட்டிக்கொண்டிருக்கிறார். வாளியோடு வந்த அக்கா நின்று, "அருமையெல்லாம் இல்லீங்க, பருப்பு அடிபுடிச்சிருச்சு. என் கைதான். கவனிக்காம விட்டுட்டேன்," என்றார். அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பந்தி முழுக்கச் சாம்பாரை முகர்ந்து பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா முகம் போன போக்கை நான் பார்த்தேன். வரும்போது பஸ்ஸில் கேட்டேன், வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று. "சாப்ட்டுட்டு வீட்டுல போய்ச் சொல்லுவாங்கல்ல, அப்ப வேற யாரயாவது சொல்லுவாங்க. எதுக்கு?" என்றார். அவரோடு வெளியே போகவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்த காலமும் உண்டு.

எங்களுக்கு வேண்டிய உயிரணுக்கள் கன்றுக்குட்டியின் கழுத்தடிச் சுரப்பியிலிருந்து வரும். அதை மாடு வெட்டும் இடத்துக்கே போய்ச் சுடச்சுட வாங்கி, உடனே ஐஸில் புதைத்துக் கொண்டுவர வேண்டும். விடிந்ததும் அக்கா போவார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற மனுஷி, கையில் பூஜைக் கயிறு, தோளில் ஐஸ் பெட்டி. அங்கே வெட்டுகிற மலாய்க்காரர்கள் அவருக்காகச் சுரப்பியைத் தனியே எடுத்து வைத்திருப்பார்கள். இந்தச் சுரப்பியை எந்தக் குழம்பில் போடுவீர்கள் என்று அவர்கள் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்கி வந்தவர் குழாயடியில் முழங்கை வரை கழுவி, நெற்றிக்குத் திருநீறு வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

ஒரு முறை வழியில் மகளின் பள்ளிக்கூடத்தில் இறங்கிவிட்டார். விளையாட்டுப் போட்டி நாளில் அந்தப் பிள்ளை காலில் போடுகிற சப்பாத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தது. வாட்ச்மேன் அவளைத் தேடி அழைத்துவர நேரமாகிவிட்டது. பெட்டி வெயிலில் நின்றது. ஆய்வுக்கூடம் வந்து திறந்தபோது பாதி ஐஸ் தண்ணீராகக் கிடந்தது. சுரப்பி சில்லென்றுதான் இருந்தது. புது ஐஸை அள்ளிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அக்கா நேரே டாக்டர் அறைக்குப் போனார். "ஐஸ் கரஞ்சிருச்சு டாக்டர். என் கைதான். மகளுக்குச் சப்பாத்து குடுக்க நின்னுட்டேன்." டாக்டர் அந்தச் சரக்கை எறியச் சொன்னார். ஒரு தாளில் நடந்ததை எழுதி வாங்கி அக்காவின் கோப்பில் சேர்த்தார்.

டாக்டரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெளிநாட்டில் படித்தவர், கோபம் வந்தாலும் குரல் ஏறாது. குரல் ஏறாததுதான் எங்களுக்குப் பயம்.

இந்த ஐஸ் விஷயம் நடந்து ஒரு வருடம் இருக்கும். டாக்டரின் புரதம் உட்கருவுக்குள் மட்டுமே குடியிருக்கிறது என்பதுதான் அவர் படித்தது, எங்களுக்கும் சொன்னது. ஆனால் அக்கா பிரித்துத் தந்த வெளிக்கூழைச் சோதித்தபோது அதிலேயும் அந்தப் புரதம் இருந்தது. இதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டில் பசை போல ஊற்றி உறையவைத்து, அதில் புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டுச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாக நிற்கும். உட்கருவின் வரிசையில் எங்கள் ஆளின் கோடு பட்டையாக இருந்தது. வெளிக்கூழின் வரிசையிலும், மெல்லிசாக, அதே மட்டத்தில் ஒரு கோடு. நான் அதற்கு ரெண்டு வீட்டுக்காரன் என்று பெயர் வைத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"உட்கரு உடைஞ்சு கசிஞ்சிருக்கு. திருப்பிச் செய்யுங்கோ," என்றார்.

அக்கா திருப்பிச் செய்தார். அதே கோடு. மூன்றாவது முறையும் செய்தார். அதே கோடு.

டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "மூண்டு தரமும் கசிஞ்சிருக்கு. உங்கட கை முந்தி மாதிரி இல்லைப் போல. அடுத்த மாசம் டிப்ளோமா படிச்ச பொடியன் ஒருத்தன் வாறான். உலக்கையை அவனிட்டக் குடுப்பம். நீங்கள் திரும்பக் கண்ணாடி கழுவுற பக்கம் போங்கோ."

"உடையல டாக்டர்," என்றார் அக்கா.

டாக்டர் கோப்பைத் திறந்தார். "போன வருஷம் நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள், ஐஸ் கரைஞ்சதெண்டு."

"அது கரஞ்சுச்சு, கரஞ்சுச்சுன்னு சொன்னேன். இது உடையல, உடையலன்னு சொல்றேன்."

டாக்டர் கோப்பை மூடினார். அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான்.

பாருங்கள், பதினோரு வருடம் ஒரு குழாய்கூட உடைக்காத நல்லவன் என்று என் கோப்பு சொல்கிறது. தானே போய் உண்மையைச் சொன்னவரின் கோப்பில் கறை. எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதோடு நிறுத்தியிருக்கலாம், கேன்டீனில் தேநீரை வைத்துக்கொண்டு புத்தி வேறு சொன்னேன். "கசிஞ்சிருச்சுன்னு சொல்லிடுங்கக்கா. நீங்க எப்பவும் சொல்றதுதானே? ஒரு மன்னிப்புக் கேட்டா விட்டுருவாரு. இல்லன்னா வாளியும் பிரஷ்ஷும்தான்."

அக்கா தேநீரைத் தொடவில்லை. "செஞ்சதுக்கு நூறு தடவ வேணாலும் சொல்லுவேண்ணே. செய்யாததுக்கு ஒரு தடவ சொன்னேன்னு வெச்சுக்குங்க, அந்த நூறையும் யாரு நம்புவா?"

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை டாக்டர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே அக்கா வழிமறித்தார். நானும் கூட இருந்தேன்.

"டாக்டர், உட்கரு உடைஞ்சு வெளிய ஊத்தியிருந்தா நம்ம புரதம் மட்டுமா வரும்? உள்ள இருக்கிற டி.என்.ஏ.வும் சேந்துதானே வரணும்? வெளிக்கூழுல டி.என்.ஏ. இருக்கான்னு பாத்துருவோம். இருந்தா நானே வாளியத் தூக்குறேன்."

டாக்டர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார். டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை எங்களுக்குப் பழக்கமானதுதான். உட்கருச் சரக்கில் தினமும் செய்வோம், குழாய் கழுவின காலத்திலிருந்து அக்கா பார்த்து வருவது. புளித்த நெடி அடிக்கும் ஒரு மருந்தை ஊற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால், டி.என்.ஏ. இருந்தால் குழாய் நீலமாகும், இல்லாவிட்டால் நிறம் மாறாது. அதை வெளிக்கூழில் செய்து பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை.

"நாலு தரம் செய்யுங்கோ," என்றார் அவர். "எனக்கு முன்னால."

அடுத்த நாள் செய்தார். சுரப்பியை நான்கு பங்காக வெட்டி, ஒவ்வொன்றாக உலக்கையில் குத்தினார். நான் நேரம் பார்த்தேன். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் மூன்று பங்குக்கும் தள்ளி நின்றவர், நாலாவதுக்கு அக்காவின் தோளருகில் வந்து குனிந்தார். அக்காவின் நெற்றியில் வியர்வை. திருநீறு கரைந்து புருவத்துக்கு இறங்கியது.

பிற்பகல் நான்கு குழாய்களும் கொதிநீரிலிருந்து வெளியே வந்தன. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உட்கருச் சரக்கு ஒரு குழாய். அது அடர்ந்த நீலமாக இருந்தது. அக்காவின் நான்கும் நிறமில்லாமல் நின்றன. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. கசிவில்லை," என்று சொல்லி அறைப்பக்கம் திரும்பினார்.

"டாக்டர், நில்லுங்க," என்றார் அக்கா. "நாலாவது குழாய் நீலம்."

டாக்டர் திரும்பி வந்து பார்த்தார். "எனக்கு ஒண்டும் தெரியேல்ல."

நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குழாய்களுக்குப் பின்னால் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோனார். அப்போது தெரிந்தது. துணிக்கு நீலம் போட்டு அலசின கடைசித் தண்ணீர் அளவுக்கு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு நீலம்.

"நீங்க கிட்ட வந்து நின்னீங்க. ஒரு குத்து அழுத்திட்டேன். அப்பவே கைக்குத் தெரிஞ்சுச்சு. கொஞ்சம் உடைஞ்சிருக்கு டாக்டர், என் கைதான்."

அவர் வாயில் என் கைக்குட்டையை அடைத்தால் என்ன என்று நினைத்தேன். ஜெயித்தாகிவிட்டது. மனிதர் சரி என்று சொல்லிவிட்டார். வாளி இல்லை, பிரஷ் இல்லை. இப்போது இவரே போய் வாளியைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறார்!

டாக்டர் மெல்லக் கேட்டார். "ஒண்டு உடைஞ்சதெண்டால் மற்ற மூண்டையும் நான் எப்பிடி நம்புறது?"

"நம்பாட்டிப் போங்க. ஆனா நாலயும் பசையில ஓடவிடுங்க. நாலாவதையும் சேத்து விடுங்க."

ஓடவிட்டோம். சாயம் ஏற்றி, ஊறவைத்து, வெளுக்கவைத்து எடுக்க மூன்றாம் நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் அக்கா எப்போதும்போல விடிந்ததும் வந்தார், எப்போதும்போல ஐஸ் உடைத்தார். நான்தான் சாப்பிட முடியாமல் திரிந்தேன். வீட்டில் என் மனைவி, யார் வேலை போகப்போகிறது, அந்த அக்காவுக்கா உங்களுக்கா என்று கேட்டாள்.

டாக்டர் பசைத்தகட்டை விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார். முதல் மூன்று வரிசையிலும் ரெண்டு வீட்டுக்காரனின் கோடு ஒரே அளவாக, மெல்லிசாக நின்றது. நாலாவது வரிசையில் அந்தக் கோடு தடித்திருந்தது. அதுமட்டுமில்லை. அந்த வரிசையின் அடியில் வேறு சில கோடுகள் கொத்தாக நின்றன. உட்கருவை விட்டு வெளியே வரவே வராத புரதங்கள் அவை. உட்கரு உடைந்தால்தான் அவற்றை வெளியே காண முடியும். முதல் மூன்று வரிசையின் அடியில் அந்தக் கொத்து இல்லை, ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டர் தகட்டின்மேல் குனிந்தார். பிறகு நாலாவது வரிசையில் விரலை வைத்தார். "கசிஞ்சால் இப்பிடித்தான் இருக்கும்." விரல் மற்ற மூன்றின்மீதும் மெதுவாக நகர்ந்தது. "இது கசிவில்லை. இது உள்ளையும் இருக்கு, வெளியிலையும் இருக்கு. நான்தான் பிழை."

நான்தான் பிழை என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"நாலாவதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அண்டைக்கே சரியெண்டு போயிருப்பன். நாளைக்கு வெளிநாட்டில ஆரும் எழும்பி, கசிவில்லையெண்டு எப்பிடித் தெரியுமெண்டு கேட்டால், காட்டுறதுக்கு என்னட்ட ஒண்டும் இருந்திராது. நீங்கள் இனி உலக்கையை ஆரிட்டயும் குடுக்க வேண்டாம்."

அக்கா கையிலிருந்த ஐஸ் கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். அடக்கமாக ஏதாவது சொல்லுவார், கண் கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, அந்த அறையில் அவரைவிடப் பெரியவர் யாருமில்லை என்பதுபோல நின்றார்.

"மூணும் சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் டாக்டர். உங்களுக்குத்தான் நாலாவது தேவப்பட்டுச்சு."

அந்த அறையில் அப்போது நானும் இருந்தேன். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதினேன்.